ரெஸ்ட் இணையச் சேவையின் அடிப்படைக் கருத்தாக்கங்கள்: புறநானூற்றுப் பாட்டெண்ணை முன்வைத்து

முனைவர் பட்ட ஆய்வாளர், தமிழ்த்துறை
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

ஆய்வுச்சுருக்கம்

இணையத்திலுள்ள தமிழ் இலக்கியத் தரவுகளை ஆய்வாளர் சான்றாகக் காட்டும்போது, தனிப்பாட்டுக்கோ நூற்பாவுக்கோ நிலையான முகவரி இல்லாமை பெருந்தடையாக உள்ளது. இத்தடையை விளங்கிக்கொள்ள, இன்றைய இணையச் சேவைகளுள் பெருவழக்கான 'ரெஸ்ட்' என்னும் கட்டமைப்பின் அடிப்படைக் கருத்தாக்கங்களை அறிதல் வேண்டும். அவற்றைத் தமிழ்ப் பதிப்பியல் மரபிலும் கல்வெட்டியல் மரபிலும் ஏற்கெனவே வழங்கும் எண்ணிடல், பாடவேறுபாடு, மைப்படி ஆகிய நடைமுறைகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் மின்னூலகங்கள் பாட்டை அலகாகக் கொண்டு முகவரியிட வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: ரெஸ்ட், இணையச் சேவை, வளம், வடிவம், நிலைசாராமை, முகவரி, ஒருங்குறி, புறநானூறு, நடுகல்

முன்னுரை

தமிழியல் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் 'இணையத்தளங்கள்' என்னும் தனிப்பிரிவு இடம்பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. அப்பிரிவில் பெரும்பாலும் தளங்களின் முகப்பு முகவரிகள் மட்டுமே காணப்படுகின்றன. ஒரு நூலகத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, நூலின் பெயரையும் பக்கத்தையும் விட்டுவிடுவதற்கு இது ஒப்பாகும். அச்சு நூலுக்குப் பதிப்பாண்டும் பக்க எண்ணும் கேட்கும் நெறியாளர்கள் இணையச் சான்றுக்கு அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை.

ஆய்வாளரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பல தளங்களில் நூலின் பெயரை ஒரு பட்டியலிலும், பாட்டின் எண்ணை மற்றொரு பட்டியலிலும் தெரிவுசெய்தால் பாட்டு திரையில் தோன்றும். உலாவியின் முகவரிப் பட்டையிலோ எம்மாற்றமும் நிகழாது. பாட்டைப் படிக்கலாம், அது இருக்கும் இடத்தை மற்றவருக்குச் சுட்டிக்காட்ட இயலாது. முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் யான் குறித்துவைத்த முகவரிகளுள் சில, தளங்கள் புதுப்பிக்கப்பட்ட பின்னர் வேறு பக்கங்களைக் காட்டின. வேறு சில எதையும் காட்டவில்லை. சான்றைச் சரிபார்க்க இயலாத ஆய்வேடு எவ்வாறு நிற்கும் என்னும் வினா இங்கே எழுகிறது.

இவ்வினாவுக்கு விடை காணக் கணினியியலார் உருவாக்கிய ஒரு கோட்பாடு துணைசெய்யும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ராய் ஃபீல்டிங் என்பார் 2000 ஆம் ஆண்டு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஐந்தாம் இயலில் 'ரெஸ்ட்' என்னும் கட்டமைப்புப் பாணி வரையறுக்கப்பட்டது. ஃபீல்டிங், இணையத்தின் செய்திப் பரிமாற்ற நெறியாகிய எச்.டி.டி.பி. 1.1 இன் ஆசிரியர்களுள் ஒருவர். அபாச்சி வழங்கித் திட்டத்தைத் தோற்றுவித்தோருள்ளும் ஒருவர். எனவே அவர் வெறுங்கற்பனையில் ஒரு நெறியைப் படைக்கவில்லை. இயங்கிக்கொண்டிருந்த இணையம் எதனால் இவ்வளவு பெரிதாக வளரமுடிந்தது என்பதை ஆராய்ந்து அதன் இலக்கணத்தை எழுதினார். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்னும் நம் மரபுக்கு இது அயலன்று.

ரெஸ்ட் என்பது ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். அத்தொடரின் கருத்தை 'ஒரு பொருளின் நிலையை வடிவத்தின் வழியே கைமாற்றுதல்' என விரித்துரைக்கலாம். இதற்குத் தமிழில் சொல்லாக்கம் செய்வதைக் காட்டிலும், ரெஸ்ட் என்றே வழங்கிவிட்டு அதன் உள்ளுறுப்புகளுக்குத் தமிழ்ச்சொற்களை ஆள்வதே விளக்கத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. இக்கட்டுரையில் தரவைக் கேட்கும் கணினி அல்லது செயலி 'வாங்கி' எனவும், தருவது 'வழங்கி' எனவும் குறிக்கப்பெறும். வாங்கியும் வழங்கியும் தத்தம் வேலையோடு பிரிந்து நிற்க வேண்டும் என்பது ரெஸ்ட்டின் முதற்கட்டுப்பாடு.

வளமும் வடிவமும்

ரெஸ்ட் கோட்பாட்டின் உயிர்நாடி 'வளம்' என்னும் கருத்தாக்கம். பெயரிட்டுச் சுட்டத்தக்க எதுவும் வளமாகும்: ஒரு பாட்டு, ஒரு புலவர், ஒரு துறை, ஒரு கல்வெட்டு, ஒரு நூலின் இன்றைய பதிப்பு. வாங்கிக்கு வளம் நேரே வந்துசேர்வதில்லை. அதன் ஒரு 'வடிவமே' வந்துசேர்கிறது. இவ்வேறுபாட்டைக் கணினி நூல்கள் பலவும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. தமிழாய்வாளர் இங்கேதான் நின்று நோக்க வேண்டும்.

தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. வயல் வரப்பிலோ ஏரிக்கரையிலோ ஒரு நடுகல் நிற்கிறது. கல்வெட்டாய்வாளர் அதற்கு மைப்படி எடுக்கிறார், ஒளிப்படம் எடுக்கிறார், எழுத்துகளைப் படித்து வாசகம் எழுதுகிறார், அவ்வாசகம் தொல்லியல் துறையின் தொகுதியில் அச்சாகிறது. சென்னையிலோ பாரிசிலோ இருக்கும் ஆய்வாளரின் கைக்குச் சேர்வது மைப்படியோ, படமோ, அச்சு வாசகமோதான். இவற்றுள் எதுவும் கல்லன்று. ஒவ்வொன்றும் கல்லின் ஒரு வடிவம். மைப்படியில் தெளிவாகத் தெரியும் எழுத்து ஒளிப்படத்தில் மங்கலாம். வீரனின் உருவச் சிற்பம் வாசகத்தில் இடம்பெறாது. கல்லோ ஒன்றே. நிலத்தைத் திருத்தும்போது அது இடம்பெயர்க்கப்பட்டுத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போகலாம். அப்போதும் அது அதே கல்தான். ஆகவே கல்லுக்கு இடும் அடையாளம் அது நிற்கும் இடத்தை நம்பியிருத்தல் கூடாது. ஆண்டும் வரிசை எண்ணும் கொண்டு கல்வெட்டுகளைச் சுட்டும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளின் வழக்கம் இத்தேவையை நன்கு நிறைவேற்றுகிறது.

இலக்கியத்துக்கு வருவோம். 'புறநானூறு 91' என்றால் அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனி ஈந்ததை ஔவையார் பாடிய பாட்டு எனத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். உ.வே. சாமிநாதையர் 1894 இல் வெளியிட்ட பதிப்பில் பார்த்தாலும், ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையோடு பார்த்தாலும், சந்தி பிரித்த மலிவுப் பதிப்பில் பார்த்தாலும் சுட்டப்படும் பாட்டு ஒன்றே. எண் வளத்தைச் சுட்டுகிறது. பதிப்புகள் வடிவங்களைத் தருகின்றன. நாம் நூறாண்டுக்கும் மேலாகப் பின்பற்றிவரும் இம்முறை ரெஸ்ட்டின் முதல் நெறியோடு பெரிதும் பொருந்துகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாடவேறுபாட்டை ஆராய்பவருக்கு 'புறநானூறு 91' போதாது. 'சாமிநாதையரின் முதற்பதிப்பில் உள்ளவாறு புறநானூறு 91' என்பது வேண்டும். இவை இரண்டும் ஒரே வளமா, இரு வளங்களா? ஃபீல்டிங் இதற்கு நேரான எடுத்துக்காட்டையே தருகிறார். ஓர் ஆய்வுக்கட்டுரையின் 'ஆசிரியர் விரும்பும் பதிப்பு' என்பதும், 'குறிப்பிட்ட கருத்தரங்கத் தொகுதியில் வெளியான பதிப்பு' என்பதும் ஒரு காலத்தில் எழுத்துக்கெழுத்து ஒத்திருந்தாலும் அவை இரு வேறு வளங்கள் என்கிறார். முன்னது காலப்போக்கில் மாறலாம். பின்னது என்றும் மாறாது. வளம் என்பது கோப்பு அன்று, காலந்தோறும் வெவ்வேறு உள்ளடக்கத்தைச் சுட்டக்கூடிய ஒரு கருத்துறவு என்பது அவர் வரையறையின் சாரம். மூலபாட ஆய்வாளர் கூறவேண்டியதைக் கணினி அறிஞர் கூறியிருக்கிறார்.

ஒரே வளத்தின் எவ்வடிவம் வேண்டும் என்பதை வாங்கி தன் வேண்டுகோளின் தலைக்குறிப்பில் சொல்லலாம். மனிதர் படிக்கும் உலாவிக்கு எச்.டி.எம்.எல். வடிவமும், சொல்லடைவு தயாரிக்கும் நிரலுக்கு ஜேசான் வடிவமும், மூலபாடப் பதிப்பாளருக்கு டி.இ.ஐ. நெறிப்படி குறியிட்ட எக்ஸ்.எம்.எல். வடிவமும் ஒரே முகவரியிலிருந்தே கிடைக்கக்கூடும். வடிவத் தெரிவு எனப்படும் இவ்வசதியைத் தமிழ்த் தளங்கள் அரிதாகவே பயன்படுத்துகின்றன.

முகவரியும் தமிழ் எழுத்தும்

ஒவ்வொரு வளத்துக்கும் தனி முகவரி வேண்டும் என்பது ரெஸ்ட்டின் சீரிடைமுகம் என்னும் கட்டுப்பாட்டின் முதற்கூறு. முகவரியைத் தமிழ் எழுத்திலேயே அமைக்க இயலும். விக்கிமூலம் அவ்வாறே செய்கிறது. ஆனால் கம்பிவழிச் செல்லும்போது அவ்வெழுத்துகள் அப்படியே செல்வதில்லை. ஒருங்குறியின் யூ.டி.எஃப்.8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட்டுகள் கொண்டது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் கூடிய மூன்று குறிகளாக எழுதப்படும். 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீட்டுப் புள்ளிகளால் ஆனது. முகவரியில் அது 45 குறிகளாக நீள்கிறது. 'புறநானூறு' 81 குறிகள் ஆகிறது. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அரைப்பக்கம் நீளும் பொருள் புரியாத முகவரிகள் தோன்றுவது இதனால்தான்.

நீளம் கண்ணுக்குத்தான் இடையூறு. இருமைதான் மெய்யான இடர். ஒகர உயிர்மெய்க் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. 'தொல்காப்பியம்' என்பது முதல் முறையில் 13 புள்ளிகள், இரண்டாம் முறையில் 14. எழுத்துக்கெழுத்து ஒப்பிடும் கணினிக்கு இவை இரு வேறு முகவரிகள். இதனைத் தவிர்க்க ஒருங்குறி வகுத்த இயல்பாக்க வடிவங்கள் உண்டு. விக்கித் திட்டங்களின் மென்பொருளாகிய மீடியாவிக்கி தலைப்புகளை அவ்வாறு இயல்பாக்கியே சேமிக்கிறது.

இயல்பாக்கத்தாலும் தீராத சிக்கல் ஒன்று நம் புலவர் பெயரிலேயே உள்ளது. 'ஔவையார்' என்பதன் முதலெழுத்தை ஔகாரமாகத் தட்டச்சிடாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு 'ஒளவையார்' என எழுதுவது மிகப் பரவலான பழக்கம். இவை கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. ஒருங்குறிக்கு இவை வேறு வேறு சொற்கள். பெயரை மட்டும் முகவரியாகக் கொண்ட தளத்தில் ஔவையார் இருவர் ஆகிவிடுவார். சங்கப் புலவர், நீதிநூல் புலவர் என ஔவையார் எத்தனை பேர் என்னும் பழைய ஆராய்ச்சிக்கு இது வேண்டாத புதுச்சேர்க்கை! அதனால் வளத்தின் அடையாளத்துக்கு எண்ணே ஏற்றது. பெயர் அதன் பண்புகளுள் ஒன்றாக இருக்கட்டும் என்பது என் முடிபு.

எண்ணும் இடரற்றதன்று. தொல்காப்பிய நூற்பாக்களை உரையாசிரியர்கள் வெவ்வேறாகப் பிரித்தும் இணைத்தும் கொண்டதால் நூற்பா எண்கள் இளம்பூரணத்தில் ஒன்றாகவும் நச்சினார்க்கினியத்தில் வேறாகவும் வரும். திருக்குறளில் மணக்குடவர் கொண்ட குறள் வைப்பும் பரிமேலழகர் கொண்ட வைப்பும் வேறுபடுகின்றன. இன்று நாம் சொல்லும் குறள் எண் பரிமேலழகர் வைப்பைத் தழுவியது. எனவே தொல்காப்பியத்துக்கு முகவரியிடுவோர் 'எவ்வுரைவழி எண்' என்பதையும் முகவரியில் சேர்த்தே ஆகவேண்டும். இது கணினியாளர் தனித்து முடிவுசெய்யும் செயலன்று.

சில வினைகள், பல பெயர்கள்

ரெஸ்ட்டுக்கு முன்பும் அதனோடு உடனாகவும் வழங்கிய சேவைகள் பலவற்றில், சேவையை அமைப்பவர் தம் விருப்பப்படி வினைகளைப் படைத்தார். ஒரு தளத்தில் 'பாட்டைப்பெறு', மற்றொன்றில் 'செய்யுள்கொணர்', வேறொன்றில் 'பாடல்தேடு' என்றிருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் வாங்கி புதுமொழி கற்க வேண்டும். ரெஸ்ட் இதனைத் தலைகீழாக்கியது. வினைகள் எச்.டி.டி.பி. நெறியில் முன்பே வரையறுக்கப்பட்ட சிலவே. பெயர்களாகிய முகவரிகளோ எண்ணிறந்தன.

வேற்றுமை உருபுகளை இதற்கு ஒப்புமையாகக் காட்டலாம். தமிழில் புதிதாக ஒரு பெயர்ச்சொல் வந்து சேர்ந்தால் அதற்கெனப் புது உருபு வேண்டுவதில்லை; கணினியை, கணினியால், கணினிக்கு எனப் பழைய உருபுகளே ஏற்கின்றன. பெயர்கள் பெருக, உருபுகள் பெருகாமல் நிற்பதால்தான் மொழி கற்றற்கெளிதாகிறது. சீரிடைமுகம் என்பது இத்தகைய சிக்கனமே. ஒப்புமை இவ்வளவில் நிற்கும். உருபு பெயரின் பொருளை வேறுபடுத்துவது, எச்.டி.டி.பி. வினையோ வளத்தின்மீது நிகழ்வது.

அவ்வினைகளுள் முதன்மையானவை நான்கு. 'கெட்' வளத்தின் வடிவத்தைக் கேட்கிறது; 'புட்' தரப்பட்ட வடிவத்தை அம்முகவரியில் வைக்கச் சொல்கிறது; 'போஸ்ட்' ஒரு தொகுப்பில் புதியதைச் சேர்ப்பது போன்ற பணிகளுக்கு உரியது; 'டெலீட்' நீக்கச் சொல்கிறது. இவற்றின் பெயர்களைவிடப் பண்புகளே கருதத்தக்கன. கெட் பாதுகாப்பான வினை: படிப்பதனால் வளம் மாறுதல் கூடாது. ஏட்டைப் புரட்டிப் பார்த்தவர் ஏட்டில் எதையும் எழுதிவிடாமை போன்றது இது. புட், டெலீட் ஆகியவற்றுக்கு வேறொரு பண்பு உண்டு: ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் விளைவு ஒன்றே. இணைய இணைப்பு இடையில் அறுந்து, வேண்டுகோள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாத நிலையில் அதனையே அஞ்சாமல் மீண்டும் அனுப்பலாம். போஸ்ட்டுக்கு இவ்வுறுதி இல்லை. மீண்டும் அனுப்பினால் ஒரே பாட்டு இருமுறை பதிவாகக்கூடும்.

மீடியாவிக்கியின் பழைய இடைமுகம், 'செயல்' என்னும் அளபுருவில் என்ன செய்யவேண்டும் என்று சொல்லி ஒரே முகவரிக்கு எல்லா வேண்டுகோள்களையும் அனுப்புவது. பின்னர் வந்த ரெஸ்ட் இடைமுகத்தில் ஒவ்வொரு பக்கமும், அதன் வரலாறும், ஒவ்வொரு திருத்தமும் தனித்தனி முகவரி பெற்றன. பக்கத்தைத் திருத்த விரும்புவோர் புட் வினையோடு, தாம் எந்தத் திருத்த எண்ணை அடிப்படையாகக் கொண்டு மாற்றினர் என்பதையும் சொல்ல வேண்டும். இடையில் வேறொருவர் திருத்தியிருந்து, இரு மாற்றங்களையும் இணைக்க இயலாதெனின் முரண்பாடு என்னும் பொருளுடைய 409 ஆம் எண் விடையாக வரும். இருவர் ஒரே நூலை மெய்ப்புப் பார்க்கும்போது ஒருவர் திருத்தத்தை மற்றவர் அறியாமல் அழித்துவிடாமல் காப்பது இவ்வேற்பாடுதான்.

'மேலது' என்னும் குறிப்பும் நிலைசாராமையும்

நிலைசாராமை என்பது, வாங்கி அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளும் தன்னைப் புரிந்துகொள்ளத் தேவையான அனைத்தையும் தன்னுள்ளேயே கொண்டிருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு. முந்தைய வேண்டுகோள் யாது என்பதை வழங்கி நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

ஆய்வேட்டு அடிக்குறிப்பில் 'மேலது, ப. 45' என எழுதுகிறோம். முந்தைய குறிப்பு கண்முன் இருக்கும்வரை அது விளங்கும். இயல்களை இடம்மாற்றும்போது இடையில் ஒரு புதுக்குறிப்பு நுழைந்துவிட்டால் 'மேலது' வேறு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். நிலைசார்ந்த சேவையின் குறைபாடு முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. புறநானூற்றுப் பாட்டுகளின் இறுதியில் உள்ள பழைய குறிப்புகளிலும் இதனைக் காணலாம். 87 ஆம் பாட்டின் குறிப்பு அதியமான் நெடுமான் அஞ்சியையும் ஔவையாரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. தொடர்ந்துவரும் பாட்டுகளின் குறிப்புகள் பலவும் அவ்விருவரையும் சுட்டுப்பெயராலேயே குறித்துச் செல்கின்றன. சுவடியை வரிசையாகப் படிப்பவருக்கு அது போதும். 91 ஆம் பாட்டைத் தனியே எடுத்து ஒரு நிரலுக்குக் கொடுத்தால் 'அவன்' யார், 'அவர்' யார் என்று அது அறியாது. மின்பதிப்பாளர் ஒவ்வொரு பாட்டின் வடிவத்திலும் பாடியவர், பாடப்பட்டோர் பெயர்களை வெளிப்பட எழுதிச் சேர்க்க வேண்டும். பழைய குறிப்பின் சொற்களை மாற்றாமல் அப்படியே வைத்து, விளக்கத்தைத் தனிப்புலத்தில் தரவேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

முன்னுரையில் சொன்ன தெரிவுப்பட்டியல் தளங்கள் பலவற்றின் குறை இதுவே. 'புறநானூறு' எனத் தெரிந்ததை வழங்கி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து '91' எனத் தெரிந்தால் இரண்டையும் இணைத்துப் பாட்டைக் காட்டுகிறது. அந்நினைவு அழிந்தவுடன் பாட்டுக்கான வழியும் அழிந்துவிடுகிறது.

நிலைசாராமையால் மற்றொரு நன்மையும் விளைகிறது. வேண்டுகோள் தன்னிறைவுடையதாக இருப்பதால், இடைவழியிலுள்ள கணினிகள் விடையைப் படியெடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தாமே வழங்கலாம். இதனைத் தேக்ககம் என்பர். வடிவம் மாறவில்லையெனில் 304 என்னும் விடையெண் மட்டும் வரும். பாட்டு முழுவதும் மீண்டும் வராது. அலைபேசி இணைப்பை மட்டும் நம்பிப் படிக்கும் எம் பகுதி மாணவருக்கு இது சிறிய உதவியன்று. இடையில் எத்தனை அடுக்குகள் இருந்தாலும் வாங்கி அவற்றை அறியத் தேவையில்லை என்னும் அடுக்கமைப்பும், வழங்கி நிரலையும் அனுப்பி வாங்கியில் இயக்கலாம் என்னும் விருப்பக் கட்டுப்பாடும் ரெஸ்ட்டில் உள்ளன. நம் நோக்கத்துக்கு அவை இன்றியமையாதன அல்ல.

கிடைக்காத பாட்டுக்கு விடையெண் யாது?

வழங்கி தரும் ஒவ்வொரு விடையின் தொடக்கத்திலும் மூன்றிலக்க எண் ஒன்று உண்டு. 200 என்றால் வேண்டுகோள் நிறைவேறியது. 301 என்றால் வளம் நிலையாக வேறு முகவரிக்கு மாறியது. 404 என்றால் காணப்படவில்லை. 410 என்றால் முன்பு இருந்தது, இப்போது நீக்கப்பட்டுவிட்டது. இடம்பெயர்க்கப்பட்ட நடுகல்லின் பழைய இடத்தில் 'இக்கல் இப்போது இன்ன இடத்தில் உள்ளது' என்று பலகை நடுவது 301. நம் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது இப்பலகையை நடத் தவறுவதே முகவரிகள் சாவதற்குப் பெருங்காரணம்.

இனி, புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. சாமிநாதையர் எண்களை நெருக்கி இடைவெளியை மறைத்துவிடவில்லை. எண்கள் இடத்தில் நிற்கின்றன, பாட்டுகள் இல்லை. ஒரு சேவையில் 'புறநானூறு 267' என்னும் முகவரியைக் கேட்டால் என்ன விடை வரவேண்டும்? 404 எனில், இல்லவே இல்லாத 'புறநானூறு 450' க்கும் இதற்கும் வேறுபாடு இல்லாது போகும். நூல் நானூறு பாட்டுகளைக் கொண்டதென்னும் செய்தியே மறைந்துவிடும். 410 எனில், யாரோ வேண்டுமென்றே நீக்கினர், இனி வாராது என்னும் பொருள் தொனிக்கும். எங்கேனும் ஒரு சுவடியிலிருந்து அப்பாட்டு வெளிப்படலாம் என்னும் வாய்ப்பை நாம் ஏன் மூடவேண்டும்? என் துணிபு, 200 என்னும் விடையோடு 'பாட்டு கிடைத்திலது' என்னும் பதிவைத் தருதல் வேண்டும் என்பது. எண் உண்டு, எண்ணின் வரலாறு உண்டு, மூலபாடம் மட்டும் வெற்றிடம். 267 க்குப் பின்வரும் பாட்டுகள் பலவற்றில் அடிகள் சிதைந்துள்ளன. அவற்றுக்கும் சிதைவை வெளிப்பட உரைக்கும் புலம் வேண்டும். ஐங்குறுநூற்றின் 129, 130 ஆம் பாட்டுகளுக்கும், பதிற்றுப்பத்தின் முதற்பத்துக்கும் பத்தாம் பத்துக்கும் இதே முறை பொருந்தும்.

இணைப்பே வழிகாட்டி

சீரிடைமுகத்தின் கூறுகளுள் மிகுதியும் புறக்கணிக்கப்படுவது இது. வழங்கி தரும் வடிவத்துக்குள்ளேயே, அடுத்து எங்கெங்குச் செல்லலாம் என்னும் இணைப்புகள் இருத்தல் வேண்டும்; வாங்கி முகவரிகளை ஊகித்துத் தானே புனைந்துகொள்ளுதல் கூடாது. 91 ஆம் பாட்டின் வடிவத்தில் ஔவையார், அதியமான், பாடாண்திணை, முந்தைய பாட்டு, அடுத்த பாட்டு, உரைகள் ஆகியவற்றுக்கு இணைப்புகள் இருப்பின், ஒரு நிரல் அதியமான் என்னும் வளத்தை அடைந்து அங்கிருந்து 95 ஆம் பாட்டின் தூதுக்கும், அவன் முன்னோர் கரும்பைக் கொணர்ந்த செய்தி இடம்பெறும் 99 ஆம் பாட்டுக்கும் தானே செல்லும். (அக்கரும்பு குறித்த செய்தி, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கும் பாலக்கோட்டாருக்குத் தனி இன்பம் பயப்பது.) இவ்விணைப்பு நெறியைப் பின்பற்றாத சேவைகளையும் ரெஸ்ட் என்று அழைப்பதை 2008 ஆம் ஆண்டு ஃபீல்டிங்கே கண்டித்து எழுதினார். இன்று அப்பெயரில் வழங்குவன பலவும் எச்.டி.டி.பி. வழியே தரவு தருவன என்னும் அளவிலேயே நிற்கின்றன.

தமிழ் மின்னூலகங்களின் இன்றைய நிலை

1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண் இட்டு, அவ்வெண்ணைப் பேணிவருகிறது. திஸ்கி குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோதும் எண்கள் மாறவில்லை. வளமும் வடிவமும் வேறு என்பதற்கு இதைவிடத் தக்க சான்று வேண்டா. எனினும் அதன் முகவரிகளில் குறியேற்றத்தின் பெயரும் கோப்பு வகையும் உடன் அமைந்துள்ளன. அலகு நூலே அன்றித் தனிப்பாட்டன்று. தொண்டர்களின் உழைப்பால் எழுந்த ஒரு முன்னோடி முயற்சியிடம் பின்வந்த நெறிகளை எதிர்பார்ப்பது முறையன்று. ஈழத்து ஆவணங்களுக்கான நூலகம் திட்டமும் (2005) ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனி எண் வழங்குகிறது. தமிழ் விக்கிமூலத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகம் அளித்த நாட்டுடைமை நூல்கள் உட்பட, வருடப்பட்ட நூல்களின் ஒவ்வொரு பக்கமும் 'பக்கம்' என்னும் முன்னொட்டுடன் தனி முகவரி பெற்றுள்ளது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாறா எண் உண்டு. ஆய்வேட்டில் சான்றுகாட்ட இன்று தமிழில் கிடைப்பவற்றுள் இதுவே பெரிதும் நம்பத்தக்கது என்பேன். ஆயின் இங்கும் முகவரி அச்சு நூலின் பக்கத்துக்கு உரியது; பக்கத்தின் நடுவில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியும் பாட்டுக்கு இரண்டு முகவரிகளைக் காட்டவேண்டியுள்ளது.

ஆகவே இப்போது வேண்டுவது புதியதொரு தளமன்று. உள்ள தளங்கள் அனைத்தும் ஒப்புக்கொள்ளும் ஒரு முகவரி ஒழுங்கு. நூலின் குறுக்கம், எண் மரபு, பாட்டெண் என மூன்றும் வேண்டும். பதிப்பைச் சுட்ட விரும்பினால் அதன் பின் பதிப்பாண்டு சேரலாம். புறநானூற்றுக்கு எண் மரபு ஒன்றே ஆதலின் அவ்விடம் இயல்பாக நிரம்பிவிடும். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணமா, சேனாவரையமா, நச்சினார்க்கினியமா என்று குறிக்கவேண்டும். ஓர் எண் மரபிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஒப்பீட்டு அட்டவணையும் வேண்டும். நூற்பாக்களை ஒப்புநோக்கி அவ்வட்டவணையைத் தயாரிப்பது நிரலாளரின் பணியன்று. தொல்காப்பியம் பயிற்றும் ஒரு தமிழ்த்துறையின் இளநிலை ஆய்வாளர் இருவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி அது, எழுத்ததிகாரத்திலிருந்து தொடங்கலாம்.